ஓர் இணைப்பு, மூன்று கணினிகள்: ஒரே எண்ணில் இரண்டு பெட்டிகள் இருந்த வீடு

வீட்டுக்கு வரும் ஒரே பிராட்பேண்ட் இணைப்பை இரண்டு மூன்று கணினிகளுக்குப் பங்கிடுவது இன்று பெரிய வேலை இல்லை. ரவுட்டரை வாங்கி, கேபிளைச் சொருகி, விளக்கு எரிந்தால் முடிந்தது. பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான் முடிகிறது. முடியாமல் போன ஒரு வீட்டைப் பற்றி எழுதுகிறேன். நான் நேரில் போய்ப் பார்த்தது. மூன்று வாரம் அந்த வீட்டார் பட்ட பாட்டுக்குக் காரணம், ஒரு கேபிள் ஒரு துளை தள்ளிச் சொருகப்பட்டதுதான். ஆனால் கேபிளை மாற்றியதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஒரு முடிச்சை அவிழ்த்தால் அதற்குள் இன்னொன்று இருந்தது. அதனால் முழுவதையும் வரிசையாகச் சொல்கிறேன்.

வீட்டில் இருந்தவை

இணைய நிறுவனம் கொடுத்த, தொலைபேசிக் கம்பி வழியே இணையம் தரும் டிஎஸ்எல் மோடம் ஒன்று. பின்புறம் தொலைபேசிக் கம்பிக்கு ஒரு துளை, கணினிக் கேபிளுக்கு ஒரே ஒரு துளை (லேன் போர்ட்), மின்சாரத்துக்கு ஒன்று. வைஃபை கிடையாது. பல வருடங்களாக அதில் கூடத்து மேசைக் கணினி மட்டும் நேராக இணைந்திருந்தது. எந்தத் தொல்லையும் இல்லை. அப்புறம் அக்கா வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கினார், அலுவலக லேப்டாப் வந்தது. மகள் கல்லூரியில் சேர்ந்தாள், அவளுக்கும் ஒன்று வந்தது. கணினி மூன்று, துளை ஒன்று. ரவுட்டர் வாங்கினார்கள். அதன் பின்புறம் ஐந்து துளைகள். நான்கு மஞ்சள் நிறத்தில், 1 முதல் 4 வரை எண் போட்டவை. ஐந்தாவது சற்றே விலகி, நீல நிறத்தில், 'இன்டர்நெட்' என்று எழுதியது. அன்றைக்கே ஒரு பிரிண்டரும் வாங்கி அதையும் கேபிளில் மாட்டியிருந்தார்கள்.

மோடத்திலிருந்து வந்த கேபிள் மஞ்சள் துளை 1-இல் இருந்தது.

அது தவறு என்று யாருக்கும் தோன்ற வழியே இல்லை. சொருகியதும் விளக்கு எரிந்தது. இணையமும் வந்தது. ஆனால் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் வந்தது.

"தம்பி, நான் லேப்டாப்பைத் திறந்தா அவளுக்குப் போயிடுது. அவ திறந்தா எனக்குப் போயிடுது. ரவுட்டரை அணைச்சுப் போட்டா கொஞ்ச நேரம் யாருக்காவது வருது. என்ன கணக்குன்னே புரியல" என்றார் அக்கா.

"பிரிண்ட் போகுதாக்கா?"

"அது எப்பவும் போகுது. மூணுலேருந்தும் போகுது."

எனக்குக் கிடைத்த முதல் பிடி இந்தப் பதில்தான். மூன்று கணினியிலிருந்தும் பிரிண்ட் போகிறது என்றால் கேபிள்கள் நன்றாக இருக்கின்றன, வைஃபை நன்றாக இருக்கிறது, வீட்டுக்குள் எல்லாமே ஒன்றையொன்று பார்க்கின்றன. வீட்டை விட்டு வெளியே போகும் இடத்தில்தான் கோளாறு. இப்படி ஒரு கேள்வியிலேயே பாதி வீட்டைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். இணையம் வரவில்லை என்றதும் எல்லாவற்றையும் அணைத்துப் போடுவதற்கு முன் இதைக் கேட்டுவிடுவது நல்லது.

இரண்டாவது பிடியை மகள் கொடுத்தாள். பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறக்க உலாவியில் 192.168.1.1 என்று அடித்தால் சில நேரம் நீல நிறப் பக்கம் வருகிறது, சில நேரம் வெள்ளை நிறப் பக்கம் வருகிறது, கடவுச்சொல் ஒன்றில் ஏற்கிறது, இன்னொன்றில் ஏற்கவில்லை என்றாள். நீலம் மோடத்தின் பக்கம், வெள்ளை ரவுட்டரின் பக்கம். ஒரே எண்ணுக்கு இரண்டு முகம்.

ஒரே உறையில் இரண்டு கத்தி

இரண்டு லேப்டாப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கட்டளைத் திரையில் 'ஆர்ப்' பட்டியலைப் பார்த்தேன். 192.168.1.1 போன்ற ஓர் ஐபி எண்ணுக்கு, அதாவது வலையில் ஒரு பெட்டியின் முகவரிக்கு, எந்தப் பெட்டி சொந்தம் என்று கணினி தன் நினைவில் வைத்திருக்கும் பட்டியல் அது. ஒவ்வொரு பெட்டிக்கும் தயாரிப்பிலேயே பதிந்த மேக் முகவரி உண்டு. அதைக் கொண்டு அடையாளம் தெரியும். அக்காவின் லேப்டாப்பில் 192.168.1.1-க்கு நேரே இருந்த மேக் முகவரி 47:10 என்று முடிந்தது. மகளின் லேப்டாப்பில் அதே 192.168.1.1-க்கு நேரே 92:36 என்று முடிந்தது. மோடத்தைத் திருப்பி அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தோம்: 47:10. ரவுட்டரின் அடியில்: 92:36.

அந்த நிமிடத்தில் இணையம் இருந்தது அக்காவுக்கு, இல்லாதது மகளுக்கு.

நடந்தது இதுதான். ரவுட்டரின் நான்கு மஞ்சள் துளைகளும் வெறும் சந்திப்புப் பெட்டி போன்றவை. அவற்றில் எதைச் சொருகினாலும் எல்லாம் ஒரே அறையில் இருப்பதாக ஆகிவிடும். நீலத் துளைதான் வெளி வாசல். மோடத்தின் கேபிளை மஞ்சளில் சொருகியதால் மோடமும் அந்த அறைக்குள்ளேயே வந்துவிட்டது. மோடம் தன்னை 192.168.1.1 என்கிறது. ரவுட்டரும் தன்னை 192.168.1.1 என்கிறது. வாசல் எங்கே என்று கணினி கேட்கும்போது இரண்டுமே "நான்தான்" என்று கை தூக்குகின்றன. எந்தப் பதில் நினைவில் நிற்கிறதோ அந்தப் பக்கம் கணினி போகும். மோடம் பக்கம் போனால் உலகம். ரவுட்டர் பக்கம் போனால் சுவர், ஏனென்றால் அதன் நீலத் துளையில் எதுவுமே இல்லை. கணினி இந்த நினைவை அடிக்கடி புதுப்பித்துக்கொள்வதால் முகம் மாறிக்கொண்டே இருந்தது. அக்கா சொன்ன 'நான் திறந்தால் அவளுக்குப் போகிறது' என்ற வரிசை உண்மையில் இல்லை. அரை மணி நேரம் குறித்து வைத்துப் பார்த்தோம். எந்த ஒழுங்கும் இல்லாமல்தான் மாறியது.

இதோடு இன்னொரு மோதலும் இருந்தது. கணினிகளுக்கு எண் கொடுக்கும் வேலையை டிஎச்சிபி என்ற ஏற்பாடு செய்கிறது. மோடத்திலும் அது இயங்கியது, ரவுட்டரிலும் இயங்கியது. ஒன்று யாருக்கு எந்த எண் கொடுத்தது என்று மற்றதற்குத் தெரியாது. இரண்டு பேருக்கு ஒரே எண் போய்ச் சேரவும் வாய்ப்புண்டு. இடையிடையே 'ஐபி முகவரி மோதல்' என்று திரையில் வந்து மறைந்ததாக மகள் சொன்னதற்கு அதுதான் காரணம்.

ஏன் இரண்டு நிறுவனங்களின் பெட்டிகளும் ஒரே எண்ணை வைத்துக்கொள்கின்றன? ஐபி நான்காம் பதிப்பின் முகவரி 32 பிட் நீளம். மொத்தமே சுமார் 429 கோடி எண்கள். உலகத்துக்கு அது போதாது என்று 1990-களிலேயே தெரிந்துவிட்டது. 1996-இல் மூன்று தொகுதிகளை வெளியுலகில் பயன்படுத்தாமல், யார் வேண்டுமானாலும் தங்கள் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கினார்கள். 10-இல் தொடங்குவது, 172.16 முதல் 172.31 வரை, 192.168-இல் தொடங்குவது. கடைசித் தொகுதியில் மட்டுமே 65,536 எண்கள் உண்டு. ஆனாலும் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் 192.168.0.1, 192.168.1.1 என்ற இரண்டையே சுற்றிச் சுற்றி வருகிறார்கள். அதனால் இரண்டு பெட்டி சேர்ந்தால் மோதல் வருவதில் ஆச்சரியம் இல்லை.

கேபிளை மாற்றியும் வராதது

கேபிளை மஞ்சளிலிருந்து நீலத்துக்கு மாற்றினேன். இப்போது யாருக்குமே இணையம் இல்லை. அக்காவின் முகம் சுருங்கியது. முன்பு ஒருவருக்காவது வந்தது.

ரவுட்டர் தன் நீலப் பக்கத்தில் மோடத்திடமிருந்து 192.168.1.5 என்று ஓர் எண் வாங்கியிருந்தது. மஞ்சள் பக்கத்திலும் அது 192.168.1 என்ற தொகுதியையே நடத்திக்கொண்டிருந்தது. வாசலுக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே தெருப் பெயர். இணையத்தில் தகவல் சிறு சிறு பொட்டலங்களாகத்தான் போகும்; ஒரு பொட்டலம் உள்ளே போக வேண்டியதா வெளியே போக வேண்டியதா என்று அதனால் பிரிக்கவே முடியாது. சில ரவுட்டர்கள் இதைக் கண்டுபிடித்துத் தாமே உள் எண்ணை மாற்றிக்கொள்ளும். இது மாற்றிக்கொள்ளவில்லை. ரவுட்டரின் உள் எண்ணை 192.168.10.1 ஆக்கினேன். சேமித்து, கணினிகளின் வைஃபையை ஒருமுறை நிறுத்திப் போட்டதும் மூன்றிலும் பக்கங்கள் திறந்தன.

இதைவிட எளிய வழியும் இருந்தது. கேபிளை மஞ்சளிலேயே விட்டு, ரவுட்டரின் டிஎச்சிபியை நிறுத்தி, அதன் எண்ணை 192.168.1.2 என்று மாற்றினால் போதும். ரவுட்டர் வெறும் வைஃபைப் பெட்டியாக ஆகிவிடும், வாசல் மோடம் ஒன்றே. ஐந்து நிமிட வேலை. நல்ல மோடம் இருக்கும் வீட்டுக்கு நான் முதலில் சொல்வதும் இதுதான். இந்த வீட்டு மோடம் மிகப் பழையது, ஒரே கணினிக்கென்று காலம் தள்ளியது. அதை நம்ப எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாம் நாள்

பயந்தபடியே போன் வந்தது. மாலை ஆனால் மூன்று கணினிக்கும் ஒன்றாக நின்றுவிடுகிறது, மோடத்தை அணைத்துப் போட்டால் வருகிறது என்றார் அந்த வீட்டு அண்ணன். நிற்கும்போது ரவுட்டரின் பக்கம் திறக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். திறந்தது. 192.168.1.1 என்று மோடத்தின் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். திறக்கவில்லை.

காரணம் புரிய, ஒரு முகவரியை மூன்று பேர் எப்படிப் பங்கிடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். வெளியுலகுக்கு இந்த வீட்டுக்கு ஒரே ஐபி எண். எடுத்துக்காட்டுக்கு அதை 203.0.113.7 என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருந்து 192.168.10.3 என்ற லேப்டாப், 51324 என்ற போர்ட் எண்ணோடு ஒரு பக்கத்தைக் கேட்கிறது (இந்தப் போர்ட் பின்புறத் துளை அல்ல, ஒரு கணினியின் பல இணைப்புகளைப் பிரித்தறியும் எண்). ரவுட்டர் அந்த முகவரியை அடித்துவிட்டு 203.0.113.7, போர்ட் 40012 என்று மாற்றி எழுதி வெளியே விடுகிறது. தன் அட்டவணையில் '40012 வந்தால் 192.168.10.3-இன் 51324-க்கு' என்று ஒரு வரி குறித்துக்கொள்கிறது. பதில் வந்ததும் அந்த வரியைப் பார்த்து உள்ளே திருப்பி விடுகிறது. இதற்கு 'நேட்' என்று பெயர். 1994-இல் இதன் முதல் வரைவு வெளியானது. வீட்டு ரவுட்டர் என்ற பொருளே இந்த அட்டவணையின் மேல்தான் நிற்கிறது.

ஒரு செய்திப் பக்கம் திறந்தாலே பல பத்து வரிகள் அட்டவணையில் ஏறும். மோடமும் இப்படி ஓர் அட்டவணை வைத்திருந்தது, ஆனால் பழைய பெட்டி என்பதால் அதன் நினைவகம் சிறியது. மாலையில் மூன்று பேரும் உட்கார்ந்தால் அட்டவணை நிரம்பி, புதிய வரி எழுத இடமில்லாமல் திணறியது. என் மாற்றத்துக்குப் பின் அந்த வேலை இரண்டு முறை நடந்தது வேறு: ரவுட்டர் ஒருமுறை மாற்றி எழுதும், மோடம் மறுமுறை மாற்றி எழுதும்.

வழி, மோடத்தை 'பிரிட்ஜ்' நிலைக்கு மாற்றுவது. அப்போது அது கம்பியில் வரும் சமிக்ஞையைக் கேபிளுக்கு மாற்றித் தரும் வேலையை மட்டும் செய்யும். எண் கொடுப்பது, முகவரி மாற்றுவது, நிறுவனத்தில் உள்நுழைவது எல்லாம் ரவுட்டர் பார்த்துக்கொள்ளும். வாசல் ஒன்றே ஒன்று ஆகும்.

இதைத் தொடுவதற்கு முன் மோடத்தின் எல்லா அமைப்புப் பக்கங்களையும் போனில் படம் எடுத்தேன். டிஎஸ்எல் இணைப்பில் விபிஐ, விசிஐ என்று இரண்டு எண்கள் உண்டு. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். தொலைத்துவிட்டால் இணைப்பு ஏறவே ஏறாது. உள்நுழையும் பயனர் பெயர் பக்கத்தில் தெரிந்தது, கடவுச்சொல் வெறும் புள்ளிகளாக இருந்தது. வீட்டில் யாருக்கும் அது தெரியவில்லை, பல வருடம் முன்பு யாரோ வந்து போட்டுவிட்டுப் போனது. நிறுவனத்துக்குப் போன் செய்து புதிதாக வாங்கினோம். இதை வாங்கிய பிறகுதான் மோடத்தில் கை வைக்க வேண்டும். முதலில் பிரிட்ஜுக்கு மாற்றிவிட்டு, கடவுச்சொல் கிடைக்காமல் இரவெல்லாம் இணையமே இல்லாமல் உட்கார்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ரவுட்டரில் பயனர் பெயரைக் கொடுத்ததும் இணைப்பு ஏறியது. நீலப் பக்கத்தில் வந்த எண் 192.168-லும் தொடங்கவில்லை, 100.64 முதல் 100.127 வரையிலும் இல்லை. இந்த இரண்டாவதைப் பார்ப்பது அவசியம். 2012-இல் நிறுவனங்களின் உள் உபயோகத்துக்காக ஒதுக்கிய தொகுதி அது. அந்த எண் வந்தால் நிறுவனமே ஒரு நேட் வைத்திருக்கிறது என்று அர்த்தம். வெளியிலிருந்து வீட்டுக்குள் இணைப்பு கொண்டுவர ரவுட்டரில் என்ன செய்தாலும் பலிக்காது.

எட்டு பைட்

மறுநாள் காலை அக்காவிடமிருந்து வந்த புகார் வேறு மாதிரி இருந்தது. மின்னஞ்சல் வருகிறது, படிக்கலாம், ஆனால் கோப்பை இணைத்து அனுப்பினால் பாதியில் நிற்கிறது. மகளுக்குத் தேடல் பக்கம் நொடியில் வருகிறது. முடிவுகளில் சிலவற்றைத் தட்டினால் திறக்கின்றன, சில சுற்றிக்கொண்டே இருக்கின்றன. எந்தத் தளம் திறக்காது என்பது மட்டும் மாறவே இல்லை. நேற்று வராதது இன்றும் வரவில்லை.

இந்த நிலையான தன்மைதான் துப்பு. அலைவரிசையோ கம்பியோ கெட்டிருந்தால் எல்லாத் தளமும் மாறி மாறிச் சிரமப்படும். சின்னது போகிறது, பெரியது போகவில்லை என்றால் பொட்டலத்தின் அளவைச் சந்தேகிக்க வேண்டும்.

ஈதர்நெட் கேபிளில் ஒரு பொட்டலம் அதிகபட்சம் 1500 பைட் சுமக்கும். இந்த வீட்டு இணைப்பு பிபிபிஓஈ முறையில் உள்நுழைகிறது. 1999-இல் வகுத்த முறை. ஒவ்வொரு பொட்டலத்தின் தலையிலும் அது தனக்காக 8 பைட் சேர்க்கும். ஆக உள்ளே வைக்க மிஞ்சுவது 1492 மட்டுமே. ரவுட்டர்கள் பொதுவாக இதைத் தாமே கணக்கிட்டுக்கொள்ளும். சோதித்துப் பார்க்க, ஒரு பொட்டலத்தை அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையை 'துண்டாக்காதே' என்ற குறிப்போடு வெவ்வேறு அளவில் அனுப்பினேன். பிங்கின் மேல் 28 பைட் தலைப்பு ஏறும் என்பதால் அதைக் கழித்துக்கொண்டே கணக்குப் பார்க்க வேண்டும். 1400 அனுப்பினேன், பதில் வந்தது. 1472 அனுப்பினேன், பதில் இல்லை. 1464, வந்தது. 1465, இல்லை. 1464-உம் 28-உம் சேர்ந்தால் சரியாக 1492. எல்லை அவ்வளவு துல்லியமாக விழுந்ததைப் பார்த்து மகளே எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

முக்கியமாக, 1465-க்கு 'பொட்டலம் பெரியது, துண்டாக்க வேண்டும்' என்ற மறுப்புகூட வரவில்லை. வெறும் மௌனம். அப்படியானால் பொட்டலம் பெரியது என்பதே ரவுட்டருக்குத் தெரியவில்லை. அதன் அமைப்பில், ஒரு பொட்டலத்தின் அதிகபட்ச அளவைச் சொல்லும் எம்டியு என்ற கட்டத்தைத் திறந்தேன். 1500 என்று கையால் எழுதியிருந்தது.

"அது நான்தான்" என்றார் அண்ணன். முதல் வாரத்தில் எதுவும் வேலை செய்யாதபோது, எங்கேயோ படித்துவிட்டு மாற்றியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. அப்போது மோடம் உள்நுழைந்துகொண்டிருந்ததால் ரவுட்டருக்கு 1500 என்பது சரியான எண்ணும்கூட. நான் வேலையை இடம் மாற்றியபோது அந்த எண்ணும் மாறியிருக்க வேண்டும், நான்தான் அந்தக் கட்டத்தைப் பார்க்கவில்லை. 1492 என்று போட்டதும் சுற்றிக்கொண்டிருந்த தளம் திறந்தது. அக்காவின் கோப்பு போனது.

பங்கில் நியாயம்

அடுத்த வாரம் வந்தது கோளாறு அல்ல, சச்சரவு. அக்கா காணொளிக் கூட்டத்தில் இருக்கும்போது மகளின் லேப்டாப் பின்னணியில் படங்களை மேலே ஏற்றத் தொடங்கினால் அக்காவின் குரல் உடைந்துபோனது. டிஎஸ்எல் இணைப்பில் இறக்கும் வேகத்தைவிட ஏற்றும் வேகம் மிகக் குறைவு. இங்கே ஏறக்குறைய நொடிக்கு 1 மெகாபிட். அந்தக் குறுகல் முழுவதையும் ஒரே லேப்டாப் அடைத்தபோது, மோடத்தின் வாயில் பொட்டலங்கள் நீள வரிசையில் நின்றன. சும்மா இருக்கும்போது 30 மில்லி நொடியில் திரும்பிய பிங், அப்போது ஒரு நொடியைத் தாண்டியது. குரல் பொட்டலம் சின்னதுதான். ஆனால் அதுவும் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டியிருந்தது.

ரவுட்டரில் ஏற்றும் வேகத்தை, உண்மையில் அளந்த வேகத்தின் 85 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்தி, அந்த எல்லைக்குள் ஒவ்வொரு கணினிக்கும் சம பங்கு என்று வைத்தேன். மொத்த வேகத்தைக் குறைத்தால் எப்படி மேம்படும் என்று அண்ணன் கேட்டார். வரிசை இப்போது மோடத்தில் நிற்பதில்லை, ரவுட்டரில் நிற்கிறது. மோடத்துக்கு யார் பொட்டலம் என்று தெரியாது, ரவுட்டருக்குத் தெரியும். சின்னதை முன்னால் விட அதனால் முடியும். படங்கள் ஏற இன்னும் கொஞ்சம் நேரம் ஆகிறது. அக்காவின் குரல் உடைவதில்லை. இதற்காகவே வகுத்த எஃப்கியூ-கோடெல் என்ற வரிசை முறை 2018-இல் பொது ஆவணமாக வெளியானது. புதிய ரவுட்டர் வாங்குபவர்கள் வைஃபை வேகத்தைப் பார்ப்பதைவிட இந்த வசதி இருக்கிறதா என்று பார்த்தால் வீட்டில் சண்டை குறையும் என்பது என் உறுதியான எண்ணம்.

வைஃபையில் செய்தது கொஞ்சம்தான். மேசைக் கணினியைக் கேபிளிலேயே விட்டேன். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மேலே விழாத அலைவரிசைகள் 1, 6, 11 மட்டும்; அக்கம்பக்கத்துப் பெட்டிகள் 6-இல் நெருக்கியடித்ததால் 11-க்கு மாற்றினேன்.

பாதுகாப்பை அப்படித் தாண்டிப்போக முடியாது. மோடம் பிரிட்ஜ் ஆனபின் வெளியுலகத்தின் முன் நேராக நிற்பது ரவுட்டர். அதன் நிர்வாகக் கடவுச்சொல் அடியில் ஒட்டிய சீட்டில் இருந்ததே இன்னும் இருந்தது. மாற்றினோம். வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியை நிறுத்தினோம். டபிள்யூபிஎஸ் என்ற பொத்தான் இணைப்பையும் நிறுத்தினோம்; அதன் எட்டு இலக்க எண்ணைச் சுமார் 11,000 முயற்சிகளுக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011-இலேயே வெளியான பலவீனம். மென்பொருளையும் புதுப்பித்தோம்.

கடைசிப் போன்

பத்து நாள் கழித்து மகள் கூப்பிட்டாள். "அங்கிள், எல்லாம் நல்லா இருக்கு. ஆனா பிரிண்ட் போக மாட்டேங்குது."

முதல் நாளிலிருந்து ஒருமுறைகூடத் தவறாமல் வேலை செய்த ஒரே பொருள் அது. எனக்கு முதல் பிடியைக் கொடுத்ததும் அதுதான். பிரிண்டரின் சின்னத் திரையில் நெட்வொர்க் பக்கத்தைத் திறந்து எண்ணைப் படிக்கச் சொன்னேன். 192.168.1.50 என்றாள். வாங்கிய அன்று யாரோ அந்த எண்ணைக் கையால் போட்டு நிலையாக்கியிருக்கிறார்கள். வீடு முழுக்க 192.168.10-க்குக் குடிபெயர்ந்துவிட்டது, பிரிண்டர் மட்டும் பழைய தெருவிலேயே, யாரும் கூப்பிடாமல் உட்கார்ந்திருந்தது.

எண்ணைத் தானாகப் பெறும்படி மாற்றச் சொன்னேன். ரவுட்டரின் டிஎச்சிபி பக்கத்தில் பிரிண்டரின் மேக் முகவரிக்கு நேரே 192.168.10.50 என்று ஒதுக்கி வைக்க அவளுக்கே போனில் சொல்லிக்கொடுத்தேன். எண் நிலையாகவும் இருக்கும், கொடுப்பது ரவுட்டராகவும் இருக்கும். அணைத்துப் போட்டுவிட்டு, மூன்று கணினியிலும் பிரிண்டரின் புதிய எண்ணைச் சேர்த்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு தாள் எடுத்துப் பார்த்தாள். மூன்றும் வந்தன. அப்புறம் அவளாகவே ஒரு சீட்டில் மோடம் 192.168.1.1, பிரிட்ஜ், ரவுட்டர் 192.168.10.1, எம்டியு 1492, பிரிண்டர் 50 என்று எழுதி ரவுட்டரின் மேல் ஒட்டி, படம் எடுத்து எனக்கு அனுப்பினாள்.